விருந்து வைக்காமல் குடிவந்த அணில்

ஆடிக் காற்று அடித்த அடியில், ஈச்ச மரத்து உச்சியில் வரியன் என்ற அணில் கட்டியிருந்த வீடு பிய்ந்து நாலு பக்கமும் பறந்துவிட்டது. அவன் மனைவி மின்னிக்கோ நிறைமாதம். இன்றோ நாளையோ குட்டிகள் பிறந்துவிடும். மேற்கே மழைமேகம் வேறு கறுத்து நின்றது.

வரியன் காடெல்லாம் அலைந்து ஒரு பொந்தைப் பிடித்தான். ஓடைக்கரை நாவல் மரத்தில், நல்ல உயரத்தில் இருந்தது அது. வாசல் சின்னது. உள்ளே குடும்பமே உருண்டு புரளலாம். மின்னி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். குட்டிகள் பிறந்து கண் திறக்கும்வரை தன்னை இங்கிருந்து யாரும் கிளப்பக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது மரத்துக்குக் குடிபோகிறவர்கள், அந்த மரத்தில் ஏற்கெனவே இருப்பவர்களைக் கூப்பிட்டு அன்றைக்கே விருந்து வைக்க வேண்டும். வரியனுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த இலந்தைப் பழங்களை முகம் தெரியாதவர்களுக்கு எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை. எல்லோரும் இரை தேடப் போயிருந்த நேரம் பார்த்து, மூட்டை முடிச்சோடு சத்தமில்லாமல் குடியேறிவிட்டான். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை மறுநாள் காலைவரைதான் நின்றது.

விடிந்ததும் பொந்தின் சுவரில் ‘டொக் டொக் டொக்’ என்றது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று வரியன் வெளியே எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. தலையை உள்ளே இழுத்தான். மறுபடியும் ‘டொக் டொக் டொக்’. மறுபடியும் எட்டிப் பார்த்தான். இப்படியே தலையை நீட்டி நீட்டி இழுத்ததில் கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

சுளுக்கை நீவிக்கொண்டிருக்கும்போது, தரைக்கு அடியில் ‘கொர்ர்ர்ர்’ என்று ஏதோ உறுமியது. அது உன் வயிறா என்று மின்னியைக் கேட்டான். மின்னி முறைத்த முறையில் பேச்சை மாற்றினான்.

“மின்னி, இந்த வீட்ல பேய் இருக்கு.”

அவன் வாயை மூடவில்லை, மேலே எங்கிருந்தோ ‘ச்சு ச்சு ச்சு’ என்றது.

“கேட்டியா? பல்லியே சொல்லிடுச்சு. அப்ப நிஜந்தான்.”

மின்னி அலட்டிக்கொள்ளவே இல்லை. மேலே பார்த்து, “இந்த வீட்ல பேயே இல்ல” என்றாள். அதற்கும் ‘ச்சு ச்சு ச்சு’ என்றுதான் பதில் வந்தது.

“இப்ப என்ன சொல்றீங்க? அது எல்லாத்துக்கும் ஆமாம் போடுதே!”

முதலில் சொன்னதுதான் பலிக்கும் என்று வரியன் புதிதாக ஒரு சட்டம் போட்டான். போட்ட கையோடு மந்திரவாதியைத் தேடி ஓடினான்.

மந்திரவாதி வேறு யாருமில்லை, ஆலமரத்தடி மரநாய்தான். நெற்றியில் புற்றுமண்ணை அப்பிக்கொண்டு, பேய் ஓட்டுகிறேன் என்று அது காட்டை ஏமாற்றிக்கொண்டிருந்தது. வரியன் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டது. மின்னிக்கு நிறைமாதம் என்றதும் ஒரு கண்ணைத் திறந்தது.

“எத்தனை குட்டி இருக்கும்?”

“மூணு இருக்கலாம்ங்க சாமி.”

மரநாய் எச்சிலை விழுங்கிக்கொண்டது. அந்தப் பொந்தின் வாசலில் தன் தலை நுழையாது என்பது அதற்குத் தெரியும். ஆகவே, அந்தப் பொந்தில் இருப்பது பச்சைக் குட்டிகளைத் தின்கிற பேய் என்றும், சாயங்காலமே மின்னியை இறக்கிக் கொண்டுவந்து தன் காலடியில் படுக்க வைத்தால் தானே காவல் இருப்பதாகவும் சொன்னது. வரியன் கும்பிடு போட்டுவிட்டு ஓடிவந்தான்.

மின்னி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “குட்டி எத்தனைன்னு உங்ககிட்ட பேய் கேட்டுச்சா, அவன் கேட்டானா?”

வரியனுக்கு வால் நுனிவரை சில்லிட்டது. யாரிடம் போய் யாரைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மின்னி பழக்குவியலை வாசலுக்குத் தள்ளினாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டாள். “தட்டுறவங்க, உறுமுறவங்க, ச்சு கொட்டுறவங்க எல்லாரும் வாங்க! புதுசா குடிவந்திருக்கோம். வந்து சாப்பிட்டுட்டுப் போங்க!”

சத்தமெல்லாம் சட்டென்று நின்றது. வரியன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். திறந்தபோது, மரத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு மரங்கொத்தி கூச்சத்தோடு எட்டிப் பார்த்தது. பொந்துக்குக் கீழே மழைத்தண்ணீர் தேங்கிய ஓட்டையிலிருந்து ஒரு மரத்தவளை ஏறி வந்தது. மேலே பட்டை இடுக்கிலிருந்து ஒரு பல்லி இறங்கியது.

மூன்று பேர் முகத்திலும் பயம். நேற்றிலிருந்து பொந்துக்குள் ஏதோ தாறுமாறாக உருள்கிறதே, வீட்டைக் காலி செய்துவிடலாமா என்று அவர்களும் பேசிக்கொண்டிருந்தார்களாம். உருண்டது இலந்தைப் பழம் என்றதும் தவளை சிரித்த சிரிப்பில் பல்லி பிடி நழுவிக் கீழே விழுந்தது. பல்லி வரியனிடம் ரொம்ப வருத்தப்பட்டது. “நான் யாருக்கும் ஆமாம் சொல்லலண்ணே. தொண்டையில எறும்பு மாட்டிக்கிச்சு.”

தவளைக்கும் பல்லிக்கும் பழம் இறங்காது. பழத்தில் மொய்த்த ஈக்களே அவர்களுக்கு விருந்து. மரங்கொத்தி மட்டும் இரண்டு பழம் கொத்தியது. இதற்காகவா ஒளிந்து குடிவந்தோம் என்று வரியனுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சாயங்காலம், காத்திருந்து அலுத்துப்போன மரநாய் தானே மரத்தடிக்கு வந்தது. மின்னி இறங்கி வர வேண்டும் என்று கண்டபடி மந்திரம் முணுமுணுத்தது. விருந்திலேயே மரநாயின் திட்டத்தைச் சொல்லிவைத்திருந்த மின்னி, மேலிருந்து மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினாள்.

மரங்கொத்தி மரமே அதிரும்படி தட்டியது. தவளை ஓட்டைக்குள் இறங்கி அடிவயிற்றிலிருந்து உறுமியது. வரியனும் தன் பங்குக்குப் பழங்களை உருட்டினான். மரநாயின் மந்திரம் பாதியில் நின்றது.

“ஐயையோ, இங்க நிஜமாவே பேய் இருக்கா?”

‘ச்சு ச்சு ச்சு’ என்றது பல்லி.

அன்றைக்கு ஓடிய மரநாய் ஆலமரத்தடியில்கூட நிற்கவில்லை. அது போன திசையில் புற்றுமண் உதிர்ந்துகொண்டே போனது.

அன்று இரவே மழை கொட்டியது. பொந்துக்குள் ஒரு சொட்டு வரவில்லை. மூன்று குட்டிகள் பிறந்தன. தட்டலுக்கும் உறுமலுக்கும் நடுவே அவை சுகமாகத் தூங்கின. கொஞ்ச நாள் கழித்து மரங்கொத்தி ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போனது. அன்றைக்குத்தான் வந்தது வினை. வீடு இப்படி அமைதியாக இருக்கிறதே என்று பயந்து மூன்று குட்டிகளும் வீறிட்டு அழுதன. பாவம் வரியன், மரங்கொத்தி திரும்பி வரும்வரை தன் பல்லாலேயே சுவரைத் தட்டிக்கொண்டிருந்தான்.

புது வீட்டில் கேட்கும் சத்தத்துக்குப் பயந்து ஓடுகிறவன் வீட்டை இழப்பான். சத்தம் போடுவது யார் என்று கேட்டு அழைத்துப் பழகுகிறவனுக்கு வீட்டோடு உறவும் கிடைக்கும்.