அணைக்குள் விளைந்த கேழ்வரகு

கேட்டுவிட்டுச் சும்மா எழுந்து போக முடியாத கதை இது. கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

மயிலாறு வருடம் தவறாமல் பொங்கித் தாழையூரை விழுங்கப் பார்த்தது. ஊரைக் காக்கப் பாளையக்காரர் மேலே பள்ளத்தாக்கின் குறுக்கே அணை கட்டினார்; மதகை அடைத்தால் வெள்ளம் பள்ளத்தாக்கிலேயே தேங்கிவிடும். பள்ளத்தாக்கில் குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை; கிளம்பச் சொன்னார்கள், கிளம்பினார்கள். அவர்கள் அழுததைப் பார்த்து அவர் மனம் இளகி ஒரு வாக்குக் கொடுத்தார். வெள்ளம் வடிந்த காலத்தில் மதகு திறந்தே கிடக்கும், அவரவர் நிலத்தில் விதைத்துக்கொள்ளலாம், நிற்கிற பயிர்மேல் தண்ணீர் ஏறாது. தாழையூருக்கோ வேறொரு வாக்கு: உங்கள் வாசலுக்கு இனி வெள்ளம் வராது. மழையைக் கேட்டுக்கொண்டா மனிதர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள்?

முதல் வெள்ளம் வடிந்ததும், கிளம்பிப் போனவர்களில் வெள்ளாயி மட்டும் திரும்பி வந்தாள். கூரையில்லாத தன் வீட்டுக்குள், வண்டல் மூடிய தரையில், அடுப்பு இருந்த இடம், தொட்டில் ஆடிய இடம் என்று பார்த்துப் பார்த்துக் கேழ்வரகு விதைத்தாள். காலைப் பனியில் வாசல் நிலை மட்டும் தூக்கத்தில் நிற்பதுபோல நிற்கும். பழக்கம் விடாமல் அதன் வழியாகவே குனிந்து நுழைந்து களை எடுப்பாள். வருடம் முழுக்க அவளுக்குக் கஞ்சி அந்தப் பயிர்தான்.

கதிர் பால் பிடித்த நேரத்தில் மலையில் காலம் தப்பிப் பேய்மழை கொட்டியது. பாளையக்காரர் மதகுக் காவலன் மாயனுக்கு ஆள் அனுப்பினார்: "மதகை உடனே அடை. அவளுக்கு என் களஞ்சியத்திலிருந்து தானியம் தருகிறேன்."

மாயன் அடைக்கவில்லை. பள்ளத்தாக்குக்குள் இறங்கி ஓடினான். அதற்குள் தாழையூரின் கீழத்தெருவில் தண்ணீர் புகுந்தது. சுவர்கள் சரிந்தன, சனங்கள் கூரைமேல் ஏறினார்கள்.

"ஆத்தா, மதகை அடைச்சா உன் பயிரு போயிரும். அடைக்கலைன்னா ஊரு போயிரும். அடைக்கட்டுமா?"

"இதைக் கேக்கவா இம்புட்டுத் தூரம் ஓடியாந்த?" என்றாள் வெள்ளாயி. பச்சைக் கதிர் ஒன்றைப் பறித்து மடியில் கட்டிக்கொண்டாள். "அடைச்சிருய்யா."

இருவரும் மேடேறினார்கள். மதகு அடைபட்டது. தண்ணீர் சத்தமில்லாமல் வீட்டுக்குள் போய் அடுப்படியில் நின்ற கதிர்களை ஒவ்வொன்றாகச் சாய்த்தது. தாழையூர் பிழைத்தது.

ஊருக்காகத் தன் வாக்கையே விடத் துணிந்த பாளையக்காரர், ஊர் நனைந்தாலும் கேட்கப் போன மாயன், கேட்டதும் கொடுத்த வெள்ளாயி. இவர்களில் யார் செய்தது சரி?

வெள்ளாயி என்றுதான் வாயில் வரும். அவள் செய்தது கொடை. அதைச் சரியா தப்பா என்று நிறுத்துப் பார்க்க நமக்கு யோக்கியதை இல்லை. பாளையக்காரர் நல்லவர்தான், ஆனால் அடுத்தவள் பயிரை அல்லவா விட்டுக்கொடுத்தார்? என்னைக் கேட்டால், சரியாகச் செய்தவன் மாயன். கேட்காமல் அடைத்திருந்தால் அது அவளிடமிருந்து இரண்டாம் முறை பறித்ததாகியிருக்கும். அவள் மாட்டேன் என்றிருந்தால் என்ன செய்திருப்பான் என்கிறீர்களா? எனக்குத் தெரியாது. மாயனுக்கும் தெரியாது. தெரியாமல்தான் இறங்கிப் போனான்.