ஆற்றில் ஏது புழுதி

வெஸல் ரூட் மாட்டுவண்டிகளை வரைந்தே பெயர் வாங்கியவர். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கானர்கள், அதாவது டச்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்கள், தங்கள் முன்னோர் வண்டி கட்டி மலை தாண்டிய கதையை அவர் தூரிகை வழியாகத்தான் பார்த்தார்கள். நகர மன்றத்தில் ரூட், தேவாலயக் கூடத்தில் ரூட், பள்ளிப் பாடப்புத்தகத்திலும் ரூட்.

எல்லோரும் வியந்தது அவருடைய புழுதியை. எந்த ஓவியத்திலும் வண்டித் தொடரின் முன்னால் செம்மண் புழுதி எழும்பி நிற்கும். பார்க்கிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொள்வார்கள். ரூட் புழுதி என்று அதற்குப் பெயரே விழுந்துவிட்டது.

அந்த வண்டிப் பயணத்தின் நூற்றாண்டு விழாவுக்காக ஒரு சிறிய நகரம் அவரிடம் தன் மன்றத்துச் சுவர் அகலத்துக்கு ஓர் ஓவியம் கேட்டது. மலையா, சமவெளியா என்று விழாக்குழு கேட்டது.

"ஆறு. வெள்ளம் போகிற ஆறு," என்றார் ரூட்.

அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. மாடுகளை வரையும் வேலை மாணவி ஹெஸ்டரிடம் வந்தது. பள்ளி ஆசிரியை வேலையை உதறிவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தவள் அவள். இந்த முறை ஓவியத்தின் கீழே அவள் பெயரும் வரப்போகிறது, முதல் தடவையாக. அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த ஊர்களில் ஒரு வழக்கம். வரலாற்று ஓவியம் என்றால் ஓவியர் வீடு வீடாகப் போய் அழைப்பார்; ஒவ்வொரு குடும்பமும் தன் கொள்ளுத்தாத்தாவின் இடத்துக்கு ஓர் ஆளை மாதிரியாக அனுப்பிவைக்கும். மூக்கு ஒத்துப்போக வேண்டுமே! துப்பாக்கி பிடிக்க ஒருவர், வேதாகமம் பிடிக்க ஒருவர் என்று வந்து நின்றார்கள். சாட்டை பிடிக்க மட்டும் ஐந்து பேருக்குள் அடிதடியே ஆகிவிட்டது.

ஹெஸ்டர் மாடுகளைப் பின்னாலிருந்து ஒவ்வொரு ஜோடியாக வரைந்துகொண்டு முன்னால் வந்தாள். முன்ஜோடியின் கொம்பில் கட்டிய தோல்வாரை வரைந்தாள். அது தண்ணீருக்கு மேலே தொய்ந்து நீண்டு, அந்தரத்தில் நின்றது.

"ஐயா! ஓடி வாருங்கள்!"

ரூட் வந்தார்.

"வாரை யாராவது பிடித்து இழுத்தால்தானே மாடு ஆற்றில் இறங்கும்? அந்த ஆள் எங்கே?"

"புழுதியில் இருப்பான்."

"ஆற்றில் ஏது புழுதி?"

ரூட்டின் பழைய ஓவியங்கள் ஒவ்வொன்றாக அவள் கண் முன்னால் வந்தன. எல்லாவற்றிலும் புழுதி முன்ஜோடிக்கு முன்னால் அதே இடத்தில்தான் இருந்தது.

"ஐயா, உங்கள் புழுதிக்குள்ளே எல்லாம்..."

"முதல் படத்தில் அவனை வரைந்தேன். கறுப்பு ஆள், வண்டிக்காரர் வீட்டு வேலைக்காரன். முன்னால் நடப்பவன் அவன்தானே. படம் கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. செம்மண் வண்ணத்தைப் பூசி மறைத்தேன். பத்திரிகைகள் பாராட்டித் தள்ளின. பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது."

"இப்போது என்ன செய்வது? இங்கே பூச வழியே இல்லையே!"

"அதற்காகத்தான் ஆறு வேண்டும் என்றேன்," என்றார் ரூட். கிழவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அந்த நேரம் பார்த்து விழாக்குழுத் தலைவர் ஃபூரி உள்ளே வந்தார். அந்தரத்தில் நின்ற வாரைப் பார்த்தார்.

"இது என்ன, பாதியில் நிற்கிறது? உங்கள் புழுதியைக் கொஞ்சம் போட்டுவிடுங்களேன்."

ஹெஸ்டர் குபீரென்று சிரித்துவிட்டாள். ஃபூரிக்கு முகம் சிவந்தது.

"சரி, நாணலாவது போடுங்கள்."

"நடு வெள்ளத்திலா?" என்றார் ரூட். "நீங்களே வாரைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அப்படியே வரைந்துவிடுகிறோம்."

ஃபூரி ஓரடி பின்னால் போனார்.

"என் கொள்ளுத்தாத்தா மாட்டுக்கு முன்னால் நடந்தவரா? வண்டியில் உட்கார்ந்து வந்தவர்!"

"அப்படியென்றால் நடந்தது யார்?"

"அது எல்லோருக்கும் தெரியும்."

"தெரிந்ததை வரைந்தால் என்ன?"

"தெரிந்திருப்பது வேறு, மன்றத்தில் மாட்டிவைப்பது வேறு. அந்த ஆள் படத்தில் இருந்தால் படம் சுவரில் ஏறாது. சொல்லிவிட்டேன்."

கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார்.

ஹெஸ்டர் ஓவியத்தின் கீழ்மூலையைப் பார்த்தாள். அவள் பெயருக்கென்று விட்ட இடம் அங்கே காலியாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

"படம் ஏறாவிட்டால் என் பெயரும் ஏறாது, ஐயா."

ரூட் தூரிகையை எடுத்தார். நடுங்கும் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, தொய்ந்து கிடந்த அந்த வாரை நேராக்கினார். அது விறைத்து நின்றது. முன்ஜோடி மாடுகள் அப்போதுதான் கழுத்தை நீட்டி நடப்பதாகத் தெரிந்தன. படம் முழுவதும் நகர ஆரம்பித்தது.

தூரிகையை அவளிடம் நீட்டினார்.

ஹெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். வாரின் நுனியில் ஒரு முஷ்டி, முழங்கை, இடுப்பளவு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஓர் உடம்பு. கை அதுபாட்டுக்கு ஓடியது. இத்தனை வேகமாக அவள் ஒருபோதும் வரைந்ததில்லை.

கழுத்துக்கு மேலே வந்ததும் கை நின்றது.

"ஐயா, முகம்? மற்ற எல்லோருக்கும் அவரவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. இவனுக்கு மட்டும் யாருமே வரவில்லையே?"

"மற்ற வீடுகளுக்கெல்லாம் போய் அழைத்தோம்," என்றார் ரூட். "இவன் வீட்டுக்குப் போனோமா?"