தவசிக்கோன் கிடையும் வேலி முள்ளும்

மலைகளுக்குப் பெயர் வைத்து முடித்து, மனிதர்கள் ஆறுகளுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த காலம். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு நாடு. அதை ஆண்ட அரசன் நெடுங்கொற்றன். பெயரில்தான் நெடுமை; ஆள் குள்ளம் என்று கேள்வி. நாடும் அப்படித்தான். காலையில் கிழக்கெல்லையில் அவிழ்த்துவிட்ட மாடு மாலையில் மேற்கெல்லையில் மேய்ந்துகொண்டிருக்கும்.

அந்த நாட்டுக்கு ஒரே தொல்லை காட்டுப்பன்றி. கிழங்கைத் தோண்டும், கதிரைச் சாய்க்கும், வரப்பை உடைக்கும். ஒருநாள் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் ஒரு மூட்டை விதையை இறக்கினான். இது முள்மரம், வேலிக்கு ஏற்றது. தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, காவல் கேட்காது என்றான். எதையுமே கேட்காத மரத்தை நாமாவது நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை. அரசனே மேளதாளத்தோடு எல்லைக்குப் போய் முதல் விதையை ஊன்றினான். சில மழைக்காலங்களில் நாட்டைச் சுற்றி முள்வேலி எழுந்தது. பன்றிகள் வெளியே நின்றன.

அங்கே அரசனுக்கு அடுத்தபடியாக எல்லோரும் வணங்கி அழைத்த ஆள் தவசிக்கோன். அவனிடம் பெரிய செம்மறி மந்தை இருந்தது. அறுவடை முடிந்த வயலில் படல் கட்டி, ஆடுகளை இரவில் உள்ளே அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணில் இறங்கும். அடுத்த போகம் செழிக்கும். அதற்குக் கிடை போடுவது என்று பெயர். தவசிக்கோன் கிடை போட்ட வயல் என்றால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

ஓர் ஆண்டு, முதல் மழை நின்றதும், ஊர்த்தலைவர் வயலில் முள் முளைத்தது. பிறகு கோயில் வயலில் முளைத்தது. பிறகு உலகாயி என்ற கைம்பெண்ணுக்கு இருந்த ஒரே காணியில் முளைத்தது. எல்லையில் நிற்க வேண்டிய முள் வயலின் நட்டநடுவில் நின்றது. வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்த்தது.

சபை கூடியது. பக்கத்து நாட்டு ஒற்றர்கள் வேலை என்றார்கள். எல்லைக் காவலை இரட்டித்தார்கள். காற்று என்றார்கள், காற்றுக்கு ஒரு பூசை போட்டார்கள். கிளி என்றார்கள், பறையடித்து விரட்டினார்கள். கிளிகள் போயின. முள் போகவில்லை.

எல்லோரையும்விடக் கொதித்தவன் தவசிக்கோன். முள் வந்த மூன்று வயலும் அவன் கிடை போட்ட வயல்கள். தன் பெயரைக் கெடுக்கத்தான் எவனோ இதைச் செய்கிறான் என்று அவனுக்குப் பட்டது. சபை நடுவே எழுந்து, "மகாராசா, விதைக்கிறவன் எவனா இருந்தாலும் ஆடு மாடு, பெண்டு பிள்ளையோட எல்லை தாண்டி அனுப்பணும்" என்றான். அரசன் அதையே ஆணையாக்கினான். இரவெல்லாம் வயலில் கிடப்பவன் நீதானே, காவலும் நீயே பார் என்றும் சொன்னான். தவசிக்கோன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். அன்றுமுதல் எந்த வயலுக்கு ஆபத்து என்று நினைத்தானோ, அந்த வயலில் முதல் வேலையாகக் கிடையை இறக்கினான்.

மறு மழை வந்து வெறித்த காலை. தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டியைக் கூட்டப் போனான். அவனும் ஆடுகளும் தவிர யாரும் கால் வைக்காத இடம் அது. குப்பை மேட்டில் முள்கன்றுகள் பச்சைப்பசேலென்று நின்றன.

ஒரு புழுக்கையை எடுத்தான். அதிலிருந்து வெள்ளையாக ஒரு வேர் நீண்டிருந்தது. இன்னொன்றை உடைத்தான், உள்ளே விதை. இன்னொன்றை உடைத்தான், உள்ளே விதை. நிமிர்ந்து பார்த்தான். அவன் ஆடுகள் பட்டிக்கு எதிரே தெரிந்த எல்லை வேலியடியில் உதிர்ந்து கிடந்த முள்மரக் காய்களை, மஞ்சள் நெற்றுகளைப் பலகாரம்போல் மென்றுகொண்டிருந்தன.

தவசிக்கோன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி பேச்சி வந்து பார்த்தாள். அவளுக்கும் முகம் வெளுத்தது. ஆனால் வாய் அடைக்கவில்லை.

"ஊரெல்லாம் விதைக்கிற கையத் தேடி அலைஞ்சீங்களே. விதைச்சது கை இல்ல, வாலுக்குக் கீழ இருக்கிற எடம்."

மண்ணைப் போட்டு மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது என்றும் அவளே சொன்னாள். சபையில் அப்படி ஒரு வாயைத் திறந்தவர் இனிமேலாவது மூடிக்கொள்ளட்டும் என்றாள். அவன் தலையாட்டினான். மண்வெட்டியைக்கூட எடுத்துவிட்டான்.

அப்போது உலகாயி படலுக்கு வெளியே வந்து நின்றாள்.

"அண்ணே, என் நெலம் சோந்து போச்சு. அதான் முள்ளு ஏறுது போல. இன்னொரு தடவ கிடை போடுங்க. இந்தப் போகமும் போச்சுன்னா நான் காணிய வித்துட்டுப் போக வேண்டியதுதான்."

தவசிக்கோன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். ஒரு பிடி புழுக்கையைத் துண்டில் முடிந்துகொண்டு அரண்மனைக்கு நடந்தான்.

சபையில் முடிச்சை அவிழ்த்ததும் அமைச்சர்கள் மூக்கைப் பிடித்தார்கள். அவன் சொல்லி முடித்தபோது மூக்கைப் பிடித்த கைகள் வாய்க்கு இறங்கின. கிடையா? கெஞ்சிக் கூத்தாடி வயலுக்கு அழைத்துவந்த கிடையா? ஊர்த்தலைவர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

தலைமை அமைச்சர் முதலில் தேறினார். ஆணை ஆணைதான், இன்றே எல்லை தாண்டட்டும் என்றார்.

"போறேன் சாமி," என்றான் தவசிக்கோன். "ஆனா இன்னைக்கு அனுப்பாதீங்க. ஆட்டு வயித்துல நெத்து கிடக்கு. போற வழியெல்லாம் விதைச்சுட்டே போகும். அடுத்த நாட்டுக்காரன் என்ன பாவம் செஞ்சான்? பட்டியில அடைச்சு வைக்கோல் போட்டு, வயிறு சுத்தமான பிறகு போயிடறேன்."

அப்படியானால் மந்தையை வெட்டிவிடலாம் என்றார் அமைச்சர். அரசன் அவரைப் பார்க்கவில்லை. நாட்டை விட்டுப் போகும்போதுகூட அடுத்தவன் மண்ணுக்காகக் கவலைப்படும் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆடு தின்றது. தின்ன வைத்தது யார்?" என்றான் மெதுவாக. "முதல் விதையை ஊன்றியவன் நான். ஆணைப்படி போக வேண்டியவனும் நான்தான்."

போவதால் முள் போகுமா என்று கடைசியில் கேட்டவன் தவசிக்கோன்தான். போகாது. எனவே இருவரும் இருந்தார்கள். முள்ளைப் போக்கும் வேலை இருவர் தலையிலும் விழுந்தது. காய் பழுத்து நெற்றாகுமுன் பறித்து எரித்தார்கள். வேலியைத் தூரோடு தோண்டினார்கள். பட்டியில் அடைத்து வயிறு சுத்தமாகாத ஆட்டை எந்த வயலிலும் இறக்குவதில்லை என்று வழக்கம் வந்தது. பன்றியும் திரும்பி வந்தது. முறை வைத்துக் காவல் இருந்தார்கள்.

முதலில் உலகாயியின் காணி. ஈர மண்ணில் அரசன் குனிந்து ஒரு கன்றைப் பிடித்து இழுத்தான். அது பாதியில் அறுந்தது. உலகாயி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"வேரோட புடுங்குங்க மகாராசா. தலையக் கிள்ளுனா நாளைக்கும் நீங்கதான் வரணும்."

அரசன் மண்டியிட்டு, விரலால் மண்ணைத் தோண்டத் தொடங்கினான்.

கேட்டவர்களே, இதன் நீதி: ஊரில் வந்த கேட்டின் வேரைத் தேடுகிறவன் தன் வாசலிலிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.