பல்லக்கில் வந்த உப்பு

முன்னொரு காலத்தில், அரசர் மனத்தில் தோன்றியது மறுநாளே சட்டமாகிவிடும் ஒரு நாட்டில், வேம்பன் என்றொரு விகடகவி இருந்தான்.

ஒருநாள் நகர்வலம் போன அரசர், வீட்டு வாசல்களில் மாட்டு வண்டிகள் சும்மா நிற்பதைப் பார்த்தார். மறுநாள் காலையில் பறையறைந்தார்கள்: "சும்மா நிற்கும் வாகனத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். உடையவர் தடுக்கக் கூடாது!"

முதலில் ஊரே கொண்டாடியது. பிறகு குழப்பம் தொடங்கியது. காலையில் நிறுத்திய வண்டி மாலையில் எந்த ஊரில் கிடக்கிறதோ, யாருக்கும் தெரியாது. நெல் களத்திலேயே கிடந்தது. சந்தைக்குக் காய் வரவில்லை. கடைசியில் அரசரின் இலையிலேயே உப்பில்லாத குழம்பு விழுந்தது.

அரண்மனைக்கு உப்பு கொடுப்பவள் சீரங்காயி. அவள் அழுதுகொண்டே வேம்பனிடம் வந்தாள்.

"அமைச்சரோட ஆளுங்க என் வண்டியில கருங்கல்லை ஏத்தி அச்சை முறிச்சுட்டாங்க, சாமி. கேட்டா, 'எடுக்கலாம்னுதான் சட்டம், சரிபண்ணித் தரணும்னு எங்கே இருக்கு'ன்னு அமைச்சர் சிரிக்கிறாரு. மானம் கறுத்துக்கிட்டு வருது. மழை விழுந்தா உப்பு அத்தனையும் கரைஞ்சு போயிடும்."

வேம்பன் உடனே எழுந்தான். அவளையும் அழைத்துக்கொண்டு அவைக்குப் போனான். அவன் வாய் திறக்கும் முன்பே, வெகுநாளாக அவன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த அமைச்சர் வில்லவராயர் எழுந்தார்.

"அரசே, எதற்கும் வழி சொல்லும் வேம்பன் பொழுது சாய்வதற்குள் உப்பைக் கொண்டுவரட்டும். முடியாவிட்டால் இனி இந்த அவையில் அவனுக்கு இடம் வேண்டாம்."

பசியோடிருந்த அரசர் தலையசைத்துவிட்டார். ஊரில் ஒரு வண்டிகூட மிஞ்சவில்லை என்பது வேம்பனுக்குத் தெரியும். வெளியே வந்தான். வாசலில் அமைச்சரின் புதுப் பட்டுப் பல்லக்கு நின்றது. தூக்குகிறவர்கள் நிழலில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேம்பன் சிரித்தான். "வாங்க அண்ணே, உப்பளம் வரைக்கும் போய்வருவோம். சும்மா நிற்கிற வாகனம், அரசர் சட்டம்!"

வேம்பன் தோற்பதைக் கண்ணால் பார்க்க வில்லவராயர் அவையிலேயே காத்திருந்தார். பொழுது சாயும் வேளையில் பல்லக்கு உள்ளே வந்தது. பட்டுமெத்தைமேல் ஈர உப்பு மூட்டைகள்! கம்பு வளைந்திருந்தது. திரைச்சீலையில் உப்புநீர் சொட்டியது.

"ஐயோ, என் பல்லக்கு!" என்று அலறினார் அமைச்சர். "அரசே, எடுத்துப் பாழாக்கியவன் எவனோ, அவன்தான் சரிசெய்து தரவேண்டும்! இதுகூட நியாயமில்லையா?"

"முழு நியாயம்" என்றார் அரசர்.

வேம்பன் கைகட்டி நின்றான். "அப்படியே ஆகட்டும், அரசே. பல்லக்கை நான் சரிசெய்து தருகிறேன். சீரங்காயியின் வண்டி அச்சை அமைச்சர் சரிசெய்து தரட்டும். கருங்கல் ஏற்றியவர்கள் அவருடைய ஆட்கள்."

அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்போதே சட்டத்தைத் திருத்தினார்: உடையவரைக் கேட்டுத்தான் எடுக்கவேண்டும், கெடுத்தவரே சரிசெய்து தரவேண்டும். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டார். மழைக்கு முன் மிச்ச உப்பை அள்ளிவர எங்கெங்கோ கிடந்த அரண்மனை வண்டிகளையும் தேடிப்பிடித்து அனுப்பினார்.

அன்று அமைச்சர் வீட்டுக்கு நடந்தே போனார். பின்னாலிருந்து சீரங்காயி கூப்பிட்டாள்:

"ஐயா, அச்சைச் சீக்கிரம் மாத்திக் குடுங்க. அப்புறம் நானே உங்களை ஏத்திக்கிட்டுப் போறேன்!"