மூடுபனி கேட்ட விருந்தாளி

ஏற்காட்டில் லூர்துமேரி தன் வீட்டு மாடியை, போன் செயலி ஒன்றில் படம் போட்டு, முதன்முதலாக நாள் வாடகைக்கு விட்டாள். முதலில் மனைவியோடு வந்தவர் சேலத்து மில் முதலாளி தணிகாசலம். ஜன்னலைத் திறந்ததுமே கத்த ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, போட்டோவுல இருந்த மூடுபனி எங்க? சாயங்காலத்துக்குள்ள வரணும். இல்லேன்னா ஒத்த நட்சத்திரம்தான்!"

சித்திரை மாசத்தில் பனிக்கு எங்கே போவாள்? முதல் ஆளே ஒற்றை நட்சத்திரம் போட்டால் அப்புறம் ஈ காக்கா எட்டிப் பார்க்காது. லூர்துமேரி போனில் அவருடைய முன்பதிவைத் திறந்தாள்.

"வரவழைச்சிடலாம் சார். ஆனா புக் பண்ணவர் போட்டோவுல தலை நிறைய சுருட்டை முடி இருக்கு. ஆள் மாறினா தங்க விடக்கூடாது. நீங்க அவரைக் கூட்டிட்டு வாங்க, நான் பனியைக் கூட்டிட்டு வர்றேன்."

தணிகாசலத்தின் கை தானாக வழுக்கைக்குப் போனது. அவர் மனைவி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது நம்ம கல்யாணத்துல எடுத்ததுங்க!"

"என்னுதும் மார்கழியில எடுத்ததுதான். என் மேலயும் தப்பு இருக்கு சார்" என்று லூர்துமேரி அப்போதே ஜன்னல் வெயிலைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றிவிட்டு, காபி போடப் போனாள்.

மறுநாள் விமர்சனம் வந்தது: "பனி இல்லை. காபி சூடு, பதில் அதைவிடச் சூடு." ஐந்து நட்சத்திரம். பக்கத்தில், வழுக்கைத் தலையோடு அவருடைய புதுப் படம்.