புள்ளி இல்லாத அளவுகோல்

"என் கையை என்னாலயே நம்ப முடியல, டீச்சர்" என்றாள் ரோஸ்லெட்.

ரோஸ்லெட்டுக்கு ஐம்பத்தொரு வயது. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் இருபத்தாறு வருடமாக நர்ஸ். மூன்று வாரமாக வேலைக்குப் போகவில்லை.

டீச்சர் வனஜகுமாரி அவளைவிடப் பத்து வயது இளையவள். நர்சிங் மாணவிகளுக்குக் கணக்கு எடுப்பவள். அதிகம் பேசமாட்டாள். அவளிடம் போனால் கணக்குப் பயம் தெளியும் என்று வார்டில் ஒருத்தி சொல்லி அனுப்பியிருந்தாள்.

ரோஸ்லெட் நடந்ததைச் சொன்னாள்.

ஏழு மாதக் குழந்தை ஒன்று. மருந்து ஏற்றும் மெஷினில் இரண்டரை என்று போட வேண்டியவள், தசமப் புள்ளியை விட்டுவிட்டு இருபத்தைந்து என்று போட்டுவிட்டாள். ஓடவிடும் பட்டனுக்கு விரல் போவதற்குள் பக்கத்தில் நின்ற நர்ஸ் கையைப் பிடித்துவிட்டாள். குழந்தைக்கு ஒரு துளிகூடப் போகவில்லை. யாரும் திட்டவும் இல்லை.

ஆனால் அன்று பிடித்த நடுக்கம் விடவில்லை. சாதாரணக் காய்ச்சல் மருந்தைக்கூட ஏழெட்டுத் தடவை கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தாள். விடை மாறவில்லை. மனசும் ஒப்பவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தாள்.

"தப்பே வராத மெஷின் ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்றாள்.

டீச்சர் எழுந்துபோய் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

திரையில் நீளமாக ஓர் அளவுகோல் வந்தது. நடுவில் இன்னொரு சட்டம், இழுத்தால் நகர்ந்தது. இரண்டுக்கும் குறுக்கே, எண்ணைக் காட்ட ஒரு சிவப்புக் கோடு.

அதற்கு ஸ்லைடு ரூல் என்று பெயர். கால்குலேட்டர் வருவதற்கு முன்னால் எஞ்சினியர்கள் இதில்தான் பெருக்கினார்கள், வகுத்தார்கள். நிஜமானதைத் தானும் தொட்டதில்லை, கம்ப்யூட்டரில் பழகியதுதான் என்றாள் டீச்சர். மௌஸைப் பிடித்து எப்படி நகர்த்துவது என்று இரண்டு தடவை காட்டினாள்.

"எட்டு கிலோக் குழந்தை. காய்ச்சல். நீங்க போடுங்க."

ரோஸ்லெட் போட்டாள். கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம். சிரப்பில் ஒரு மில்லிக்கு இருபத்துநாலு. சட்டம் நகர்ந்தது. சிவப்புக் கோடு ஐந்தில் நின்றது.

அப்போதுதான் கவனித்தாள். அந்த அளவுகோலில் எண்கள் ஒன்றில் தொடங்கிப் பத்தோடு முடிந்துவிட்டன.

"இது அஞ்சா? அரையா? ஐம்பதா?"

"அது சொல்லாது."

"புள்ளி எங்க விழும்னு பிறகு யார் சொல்லுவா?"

"நீங்க."

ரோஸ்லெட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. புள்ளியை விட்டதால்தான் வந்திருக்கிறேன், என்னிடமே புள்ளியைக் கேட்கிறீர்களே என்றாள். பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் தடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐம்பது மில்லின்னு எழுதிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஐம்பதா? பாட்டிலே அறுபதுதான். பாட்டிலோட கவுத்தவா?"

"அப்போ அரை."

"அரை மில்லி நாக்குல ஒட்டுறதுக்கே சரியாப்போகும். காய்ச்சல் எப்படி இறங்கும்?" என்றாள் ரோஸ்லெட். "அஞ்சுதான். ஒரு சின்ன ஸ்பூன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

பையை இறக்கிவைத்தாள்.

அதன்பின் ஐந்து நாள் தினமும் வந்தாள். டீச்சர் கணக்கைச் சொல்வாள். இவள் சட்டத்தை இழுப்பதற்கு முன்னால், எவ்வளவு வரும் என்று வாயால் சொல்ல வேண்டும். முதல் இரண்டு நாள் சொல்வதற்குள் வியர்த்தது. மூன்றாம் நாள் கணக்கைக் கேட்கும்போதே கண்ணுக்குள் சிரிஞ்சு தெரிந்தது, அதில் மருந்து எந்தக் கோடு வரைக்கும் ஏறும் என்பதும் தெரிந்தது. ஒருமுறை தப்பாகச் சொன்னாள். அளவுகோல் வேறு எண்ணைக் காட்டியது. எங்கே பிசகியது என்று அவளே கண்டுபிடித்தாள்.

ஆறாம் நாள் டீச்சர் கணக்கைச் சொன்னாள். ஆறு கிலோ. கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம். ஒரு மில்லியில் இருபது.

ரோஸ்லெட் மௌஸைத் தொட்டாள். கரண்ட் போனது. திரை கறுத்தது. காற்றாடி மெல்ல ஓய்ந்தது.

டீச்சர் காத்திருந்தாள்.

"ரெண்டுக்கு மேல போகாது. ஒண்ணரை."

"நிச்சயமா?"

ரோஸ்லெட் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தாள். ஒரு தடவை தட்டினாள். ஒன்றரை. மூடிப் பைக்குள் போட்டாள்.

கை அசையாமல் மடியில் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. அடக்காமல் அழுதாள். டீச்சர் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"இனிமேலும் தப்பு வந்தா?" என்று ரோஸ்லெட் கேட்டாள்.

"அன்னைக்கு உங்க கையைப் பிடிச்சாளே, அவ பேரென்ன?"

"ஷைலஜா."

"மருந்து எடுத்ததும் அவளையும் கூப்பிட்டுக் காட்டுங்க."

மறுநாள் காலை ரோஸ்லெட் வார்டுக்குப் போனாள்.

ஏழாம் படுக்கையில் நாலு கிலோக் குழந்தை. மருந்துச் சீட்டில் ஆறு என்று இருந்தது. முன்னால் புள்ளிபோல ஏதோ ஒன்று, மை தீர்ந்த பேனாவால் வைத்தது. ஆறு மில்லி இந்த உடம்புக்கு ஆகாது என்று பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்தது. டாக்டருக்குப் போன் செய்து கேட்டாள். அரைக்குக் கொஞ்சம் மேலேதான், புள்ளி ஆறு என்றார் டாக்டர். பிறகு வார்டுக்கு வந்து சீட்டில் தெளிவாகத் திருத்தி எழுதவும் செய்தார்.

சிரிஞ்சில் எடுத்தாள். ஷைலஜாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஷைலஜா படித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

குழந்தையின் அம்மா இரண்டு நாளாகத் தூங்காதவள். சிரிஞ்சின் அடியில் கிடந்த அந்தக் கொஞ்சம் மருந்தைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா, சிஸ்டர்?"

"இவ்வளவுதான்" என்றாள் ரோஸ்லெட்.