பிரியப்பட்டு ஊற்றிய டீ

முதலில், டீக்காரர் வராத ஒரு நாளைக்கு மட்டும் ஊற்றச் சொன்னார்கள். பிறகு டீக்காரரையே நிறுத்தினார்கள். அதற்கும் பிறகு, எழுத்தர் பூங்காவனம் டீ ஊற்றிக்கொண்டிருந்த கூட்டங்களிலேயே, அவளுக்குப் பின்னால் சேர்ந்த மூன்று ஆண்களுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

பதினோராம் வருஷம், கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் அவள் எழுந்து கேட்டாள்: "தலைவரே, பொம்பளைங்கதான் டீ ஊத்தணும்னு விதி இருக்குங்களா?"

தலைவர் சிங்கமுத்து மீசையைத் தடவினார். "ஒரு விதியும் கிடையாதும்மா. நீங்களாப் பிரியப்பட்டுச் செய்யறீங்க!"

சபை சிரித்தது. அவள் அதை அப்படியே தீர்மானப் புத்தகத்தில் எழுதி நீட்டினாள். நானூறு பேர் பார்த்திருக்க, அவர் கையெழுத்துப் போட்டார்.

"எனக்கு இன்னைக்குப் பிரியமில்லைங்க. வேற யாருக்குப் பிரியம்? பேரை எழுதிக்கிறேன்."

ஆண்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். முகம் கறுத்த தலைவர் கடைசி வரிசையைப் பார்த்தார். எழுதாத விதிக்கு அந்தப் பார்வை போதும். வேலை இன்னும் நிரந்தரமாகாத செவ்வந்தி எழுந்து பிளாஸ்கைத் தூக்கினாள்.

கூட்ட முடிவில் புத்தகத்தை வாசிப்பதும் பூங்காவனத்தின் வேலைதான். சபை சாட்சியாக உரக்க வாசித்தாள்:

"பிரியப்பட்டு டீ ஊற்றியவர், செவ்வந்தி."